விசா கைக்கு வரும்வரை எந்த வீட்டில் இருப்பது?

போன வாரம் சித்தி மகள் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, மெடிக்கல் முடிஞ்சிடுச்சு. ஆடி பொறக்கறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடலாம்னு அத்தை சொல்றாங்க. ரெண்டு மாசம்தானே, எங்கயாவது இருந்து சமாளிச்சுக்கலாம்ல?"

"ரெண்டு மாசம்தானே" என்று போன வருடம் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அந்த இரண்டு மாதம் ஏழு மாதமாக நீண்டது. நானும் என் கணவரும், ஐந்தாம் வகுப்பு மகளும் யு.கே.ஜி. மகனும் அந்த ஏழு மாதத்தில் மூன்று இடங்களில் இருந்தோம். போனிலேயே அவளுக்குப் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கனடா பி.ஆருக்கு, அதாவது அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு, விண்ணப்பித்துவிட்டு, இருக்கும் வீட்டை என்ன செய்வது என்று குழம்பிக்கொண்டிருக்கும் யாருக்கும் இது உதவும்.

நாங்கள் நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை வீட்டில் 6 வருடம் வாடகைக்கு இருந்தோம். வாடகை 22,000, மெயின்டனன்ஸ் 2,500. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (மதிப்பெண் வைத்து பி.ஆருக்கு ஆள் எடுக்கும் கனடாவின் முறை) அழைப்பு வந்து, 60 நாள் கெடுவுக்குள் விண்ணப்பம் போட்டு, மெடிக்கலும் முடித்தாயிற்று. இந்த வகை விண்ணப்பத்துக்குப் பொதுவாக 6 மாதம் என்று கனடா குடியேற்றத் துறை சொல்லும். எங்களுக்கு அதில் 4 மாதம் ஓடியிருந்தது. மீதி இரண்டு. ஆடியில் வீடு மாறக்கூடாது, ஆவணி வரை இருந்தால் அதற்குள் விசாவே வந்துவிடும், அப்போது எல்லாவற்றையும் அவசர அவசரமாக விற்க வேண்டியிருக்கும். எனவே ஆனியிலேயே காலி செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தோம். அப்போது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பிழை ஒன்றே ஒன்றுதான். 6 மாதம் என்பது பொதுவான கணக்கு. நம் கோப்பு அந்தக் கணக்கில் நடக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. நாங்களாக அதை ஒரு தேதியாக மாற்றிக்கொண்டோம்.

ஜூலை முதல் வாரம் குட்டியானையில் சாமான் ஏறியது. பெரிய கட்டில், சோஃபா, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாம் விற்றாயிற்று. மீதி 14 அட்டைப்பெட்டிகள், நான்கு சூட்கேஸ்கள்.

முதல் இடம்: அண்ணன் வீடு

பெருங்களத்தூரில் அண்ணன் வீடு. அங்கேயும் இரண்டு படுக்கையறை, அவர்களும் நான்கு பேர். "எங்கயும் போக வேணாம், இங்கயே வா" என்று அண்ணனுக்கு முன்னால் அண்ணிதான் சொன்னார். மனதாரச் சொன்னார். இரண்டு மாதமும் ஒருநாள் கூட முகம் சுளிக்கவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் பாரமாக இருந்தது.

வாடகை கிடையாது. மளிகையும் காய்கறியும் பாதி நாங்கள் வாங்கினோம், மாதம் 10,000 ஆனது. பணக்கணக்கில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் எட்டுப் பேருக்கு ஒரு குளியலறையும் ஒரு கழிவறையும். பள்ளி நங்கநல்லூரில். காலை ஐந்தரைக்குக் குழந்தைகளை எழுப்பி, பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி, பழவந்தாங்கலில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. யு.கே.ஜி. பையன் தினமும் ரயிலில் தூங்கிவிடுவான், தூக்கிக்கொண்டுதான் இறங்குவேன்.

அதுகூடப் பழகிவிட்டது. பழகாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சாயங்காலம் மகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். தண்ணீர் பாட்டில் எடுக்க. யாரும் அவளை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அது மாமா வீட்டு ஃப்ரிட்ஜ், நம்முடையதில்லை என்று பத்து வயதுக் குழந்தை தானாகவே புரிந்துகொண்டிருந்தாள். அன்று இரவு கணவரிடம் இங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று சொன்னேன்.

உறவினர் வீட்டில் தங்குவது தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். மூன்று, நான்கு வாரத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, போகும்போதே கிளம்பும் தேதியையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "விசா வர்ற வரைக்கும்" என்பது தேதி ஆகாது. "அடுத்த மாசம் 15ஆம் தேதி வரைக்கும்" என்று சொல்லி, விசா வராவிட்டாலும் அன்றைக்குக் கிளம்பிவிட வேண்டும். நாங்கள் முதல் வகையில் சொல்லிவிட்டோம். அண்ணியால் "எப்போ?" என்று கேட்க முடியவில்லை, என்னாலும் "இன்னும் எத்தனை நாளோ" என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் மின்னஞ்சல் பார்த்தீங்களா என்று கேட்கும்போது, அது எங்கள் நல்லதுக்குத்தான் கேட்கிறார் என்று தெரிந்தும் எனக்குள் கூசியது.

இன்னொரு விஷயம், காஸ் இணைப்பு. வீட்டைக் காலி செய்த கையோடு அதையும் ஒப்படைத்துவிட்டோம். சிலிண்டர், ரெகுலேட்டர், சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சர் கொடுத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிவிட்டோம். வெளிநாடு போகிறவர்கள் செய்ய வேண்டியதுதான், ஆனால் கடைசி வாரத்தில் செய்ய வேண்டியது. அதை முன்னாலேயே செய்ததால் அடுத்த ஐந்து மாதம் அடுப்புக்கு அல்லாடினோம்.

இரண்டாவது: சர்வீஸ் அபார்ட்மென்ட்

செப்டம்பர் முதல் வாரம் துரைப்பாக்கம் பக்கம் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்குப் போனோம். கணவரின் ஆபீஸ் பெருங்குடியில் என்பதால் அந்தப் பக்கம். ஒரு படுக்கையறை, சின்ன ஹால், சமையல் மேடை. நாளுக்கு 2,600. "மாசக் கணக்கா எடுத்தா குறைச்சுத் தர்றோம்" என்றார்கள். எங்களுக்கோ மாதக் கணக்கில் எடுக்க மனம் வரவில்லை. எந்த நாளும் விசா வந்துவிடும் என்ற நினைப்பு! அந்த நினைப்புக்காக நாள் வாடகையே கொடுத்தோம். 24 நாளில் 62,400 ரூபாய் போனது.

முதல் இரண்டு நாள் சொர்க்கமாக இருந்தது. ஏ.சி., சூடான தண்ணீர், யாரும் கேட்காத கதவு. குழந்தைகள் படுக்கையில் குதித்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து உண்மை தெரிய ஆரம்பித்தது. சமையல் மேடையில் ஒரு இன்டக்ஷன் அடுப்பு, ஒரு வாணலி, ஒரு பாத்திரம். சோறு வடித்துவிட்டு அதே அடுப்பில் குழம்பு வைக்க வேண்டும். குழம்பு முடிந்து பொரியல் வரும்போது சோறு ஆறிவிடும். மீன் பொரிக்காதீர்கள் என்று கீழே இருந்து போன் வந்தது. துணி காயப்போட இடம் கிடையாது, நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் யூனிஃபார்ம் தொங்கும். வார இறுதியில் வாடகை கூடும் என்பதை முதல் சனிக்கிழமைதான் சொன்னார்கள், பேசிப் பேசிப் பழைய வாடகைக்கே கொண்டுவந்தோம். 11ஆம் நாள், "இந்த ரூம் வேற ஆளுக்கு புக் ஆயிடுச்சு" என்று மேல் மாடி அறைக்கு மாற்றினார்கள். 14 பெட்டிகளையும் அந்தச் சின்ன லிஃப்டில் ஏற்றி இறக்கினோம்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. முதலில் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. வேலை வாய்ப்புக் கடிதம் இல்லாமல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் (திறன்மிகு பணியாளர்) பிரிவில் போகிறவர்கள், அங்கே போய்க் குடும்பத்தை நடத்தப் போதுமான பணம் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அந்தத் தொகை மாறும், ஆண்டுதோறும் அதைத் திருத்தியும் அமைப்பார்கள். விண்ணப்பிக்கும் நாளில் மட்டும் இருந்தால் போதாது, விசா தரும்போதும் இருக்க வேண்டும். நாங்கள் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது அந்த சேமிப்புக் கணக்கிலிருந்துதான். ஒருநாள் இரவு கணவர் பேங்க் ஸ்டேட்மென்டைத் திறந்து கூட்டிக் கழித்துப் பார்த்தார். இப்படியே இன்னும் மூன்று மாதம் போனால் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கிவிடுவோம். விசாவுக்காகக் காத்திருக்கும் செலவே விசாவைத் தடுத்துவிடும். அந்த இரவு இருவருக்கும் தூக்கமில்லை.

தங்கும் செலவைக் கணக்கிடும்போது, விசாவுக்காகக் காட்ட வேண்டிய அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். மீதி இருப்பதில் எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். அதுதான் உங்கள் பட்ஜெட். சர்வீஸ் அபார்ட்மென்ட் யாருக்குச் சரி என்றால், பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்து, டிக்கெட் போட்டு, வீட்டை ஒப்படைத்த பிறகு கிடைக்கும் அந்தக் கடைசி ஐந்தாறு நாளுக்கு. அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது: மாடி போர்ஷன்

இது எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்தது. பழவந்தாங்கலில் பள்ளிக்குப் போகும் தெருவில் ஒரு பழைய வீட்டு கேட்டில் 'டு லெட்' பலகை தொங்கியது. புரோக்கர் இல்லை. கீழே ஒரு பெரியம்மா தனியாக இருந்தார், மாடியில் ஒரு ஹால், சமையலறை, குளியலறை. வாடகை 14,000. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: "அம்மா, நாங்க கனடா போகப் போறோம். எப்ப விசா வரும்னு தெரியாது. பதினோரு மாசம் இருப்போம்னு சொல்லி உங்களை ஏமாத்த விரும்பல. அடுத்த மாசமே கிளம்ப வேண்டி வரலாம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஐப்பசி, கார்த்திகை மழையில யாரும் புதுசா வர மாட்டாங்க. சும்மா பூட்டிக் கிடக்கறதுக்கு நீ இரு. கிளம்பும்போது ஒரு மாசம் முன்னாடி சொல்லு கண்ணு, அது போதும்" என்றார். இரண்டு மாத வாடகை அட்வான்ஸ். மாதாமாதம் நீட்டிக்கலாம், ஒரு மாத நோட்டீஸ் என்று பத்திரத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

சென்னையில் அட்வான்ஸ் என்றாலே பத்து மாத வாடகை என்ற பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. தற்காலிகமாகத் தங்குபவருக்கு இது ரொம்ப முக்கியம். ஊரை விட்டே போகிறவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்க மறுபடி வந்து நிற்க முடியாது. நங்கநல்லூர் வீட்டில் நாங்கள் கொடுத்திருந்த ஒரு லட்சம், பெயின்ட், பைப் என்று கழித்து ஆறு வாரம் கழித்துத்தான் வந்தது. அதுவும் நாங்கள் சென்னையில் இருந்து நேரில் போய்க் கேட்டதால். எனவே அட்வான்ஸ் குறைவாக இருக்கும் இடமாகப் பாருங்கள், கடைசி இரண்டு மாத வாடகையை அதிலேயே கழித்துக்கொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டு எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

போர்ஷன் ஒன்றும் வசதியான இடமில்லை. தண்ணீர் உப்பு, குடிக்கக் கேன் வாங்கினோம். மோட்டார் காலை ஆறுக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நவம்பர் மழையில் ஹாலின் ஒரு மூலையில் ஒழுக ஆரம்பித்து, கீழே இருந்த பெட்டி நனைந்துவிட்டது. நல்ல வேளை, அதில் இருந்தவை புடவைகள். மாடிக்குத் தனி மீட்டர் இருந்தது பெரிய நிம்மதி. தமிழ்நாட்டில் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள், வீட்டு இணைப்புக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறும். ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் இருந்தால் அந்தக் கணக்கு தினம் ஒரு மனவருத்தம். பார்க்கப் போகும்போதே மீட்டரைக் கேட்டுவிடுங்கள்.

காஸ் இல்லாத குறைக்கு 5 கிலோ சிலிண்டர் வந்தது. 'சோட்டு' என்று இண்டேன் விற்கும் சின்ன சிலிண்டர். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை போதும். தற்காலிக வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. விற்ற ஃப்ரிட்ஜுக்குப் பதில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று 6,500 கொடுத்து வாங்கினோம். எங்களுடையதை விற்றது 7,000க்கு. அந்த ஃப்ரிட்ஜ் எங்களுடையதைவிட இரண்டு மடங்கு பழையது.

முதல் நாள் பால் காய்ச்சவில்லை. இது நம் வீடு இல்லையே, எதற்கு என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் பெரியம்மா மேலே வந்து பார்த்தார். சுவரோரம் பெட்டிகள், தரையில் பாய், சூட்கேஸ் மேல் தட்டு வைத்துச் சாப்பிடும் குழந்தைகள். ஒன்றும் சொல்லாமல் கீழே போய் ஒரு ஆவின் பாக்கெட்டும் கொஞ்சம் சர்க்கரையும் கொண்டுவந்தார். "எத்தனை நாளானாலும் அடுப்பு எரியற வீடு வீடுதான்மா. காய்ச்சு" என்றார். பால் பொங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை மூன்று மாதமாக நான் எதையும் பிரித்து வைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாளைக்கே கிளம்பிவிடலாம் என்ற எண்ணத்தில் குழந்தைகளின் கதைப் புத்தகங்களைக் கூடப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். அன்றைக்கு ஆறு பெட்டிகளைப் பிரித்தேன்.

மகள் அன்று சாயங்காலம் கேட்காமலேயே ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

முகவரி என்ற தலைவலி

இடம் தேர்ந்தெடுக்கும்போது யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று இது. அக்டோபர் கடைசியில் என் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைப் புதிதாக அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 500. என் பாஸ்போர்ட்டில் பழைய முகவரி, இப்போது இருப்பது வேறு முகவரி. அப்படி இருந்தால் இப்போதைய முகவரி எந்த போலீஸ் நிலைய எல்லையில் வருகிறதோ அங்கிருந்து விசாரணை வரும். போர்ஷனில் இருந்ததால் கையில் ஒப்பந்தம் இருந்தது, இந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லக் கீழே பெரியம்மா இருந்தார், பக்கத்து வீட்டாரும் முகம் தெரிந்தவர்கள். இதே மின்னஞ்சல் செப்டம்பரில், சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் இருக்கும்போது வந்திருந்தால் நான் யாரைக் காட்டியிருப்பேன்?

அதோடு, முகவரி மாறினால் கனடா குடியேற்றத் துறைக்கும் வெப்ஃபார்ம் (அவர்கள் இணையதளத்தில் உள்ள படிவம்) வழியாகத் தெரிவிக்க வேண்டும். ஆதார், பேங்க், போன் சிம் எல்லாவற்றையும் மாறாத ஒரே முகவரியில், அதாவது அப்பா அம்மா வீட்டிலோ மாமியார் வீட்டிலோ வைத்துவிடுவது நல்லது. சிம்மை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும்.

ஆவணப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சான்றிதழ்கள், திருமணப் பதிவு, குழந்தைகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே தோள்பையில், எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குழந்தைகளின் தடுப்பூசிக் கணக்கை அங்கே பள்ளியில் சேர்க்கும்போது கேட்பார்கள். அண்ணன் வீட்டில் திருமணச் சான்றிதழைத் தேடி ராத்திரி ஒரு மணிக்குப் பன்னிரண்டு பெட்டிகளைப் பிரித்தோம். அண்ணன் மகனுக்கு மறுநாள் பரீட்சை.

நாங்கள் போகாத வழிகள்

மாமியார் வீடு மன்னார்குடியில். அங்கே போயிருந்தால் வாடகை இல்லை, பெரிய வீடு, கிணறு, தென்னை, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். மன்னை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலை சென்னை, எனவே பாஸ்போர்ட் கொடுக்கவோ வேறு வேலைக்கோ வந்து போவதும் கஷ்டமில்லை. தடுத்தது பள்ளிதான். ஜூனில் ஃபீஸ் கட்டியாயிற்று. டி.சி. வாங்கிவிட்டு ஊரில் சேர்த்து, விசா தள்ளிப்போனால்? வராமலே போனால்? என்னைக் கேட்டால், விசா கைக்கு வரும் முன் டி.சி. வாங்கவே கூடாது. ஆனால் பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தை இருந்து, கணவர் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியும் என்றால், நான் எதையும் யோசிக்காமல் ஊருக்குத்தான் போகச் சொல்வேன். அங்கே நாம் விருந்தாளி இல்லை. கிளம்பும்போது பெரியவர்களுடன் இருந்த அந்த மாதங்கள் அவர்களுக்கும் நமக்கும் மிச்சமாக இருக்கும். எனக்கு அது கிடைக்காததில் இன்றும் வருத்தம் உண்டு.

இன்னொரு வழி, ஒருவர் முன்னால் போவது. முதன்மை விண்ணப்பதாரர் முதலில் போய் இறங்கலாம், குடும்பம் பின்னால் வரலாம். குடும்பம் அவருக்கு முன்னால் போகத்தான் முடியாது. பி.ஆர். உறுதிக் கடிதத்தில் உள்ள கெடு தேதிக்குள் எல்லோரும் போய்ச் சேர வேண்டும். அந்தத் தேதி பெரும்பாலும் மெடிக்கல் செய்த நாளிலிருந்து 12 மாதத்தையோ, பாஸ்போர்ட் காலாவதியையோ ஒட்டி வரும், நீட்டித்துத் தரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் இங்கே வீட்டைக் காலி செய்யும் அவசரம் இல்லை, அங்கேயும் அவர் ஒரு அறையில் சமாளித்துக்கொண்டு வீடு பார்த்து வைப்பார். குழந்தைகள் பள்ளி வருடத்தை முடித்துவிட்டுப் போகலாம். பிரிந்திருக்கும் மனத்தெம்பு இருந்தால் இது நல்ல வழி. எங்கள் வீட்டில் இருவருக்குமே அந்தத் தெம்பு இல்லை.

சொந்த வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள், பத்திரப்பதிவுக்குப் பிறகு வாங்கியவருக்கே வாடகை கொடுத்து அதே வீட்டில் சில மாதம் இருக்கக் கேட்கலாம். கணவருடன் வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் மேடவாக்கத்தில் 5 மாதம் இருந்தார். வாங்கியவருக்கு உடனே குடிவரும் அவசரமில்லை என்றால் ஒப்புக்கொள்வார். விற்பனை பேசும்போதே சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும்.

காலி செய்யாமலே இருந்திருந்தால்?

இந்தக் கேள்வியைப் பல நாள் கேட்டுக்கொண்டேன். கடைசியில் நோட்டில் எழுதிக் கூட்டினேன். நங்கநல்லூர் வீட்டிலேயே இருந்திருந்தால் மாதம் 24,500, ஏழு மாதத்துக்கு 1,71,500.

நாங்கள் செலவழித்தது: அண்ணன் வீட்டில் 20,000. சர்வீஸ் அபார்ட்மென்ட் 62,400. போர்ஷன் நான்கு மாதம் 56,000. குட்டியானையும் ஏற்றி இறக்கும் ஆட்களும் மூன்று தடவைக்கு 18,000. பழைய ஃப்ரிட்ஜ், மெத்தை, அடுப்பு, சின்ன சிலிண்டர் என்று 18,500. மொத்தம் 1,74,900. ரயில் பாஸ், ஆட்டோ, ஹோட்டல் சாப்பாடு இதில் சேரவில்லை. அதாவது மிச்சம் பிடிக்கக் காலி செய்தோம், 3,400 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். குழந்தைகளின் தூக்கமும் என் அண்ணியின் இரண்டு மாத அமைதியும் எந்த நோட்டிலும் ஏறவில்லை.

அதனால் வாடகை எவ்வளவு என்ற கேள்வியை நான் இப்போது இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். முதல் கேள்வி, தேதி தள்ளிப்போனால் இந்த இடத்தில் இன்னும் ஒரு மாதம் இருக்க எனக்கு என்ன செலவாகும் என்பது. பணமாகவும், மனசாகவும். அண்ணன் வீட்டில் இன்னொரு மாதத்துக்குப் பணம் ஆகாது, மனசு போய்விடும். சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் பணம் போய்விடும். போர்ஷனில் 14,000, அவ்வளவுதான், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பழைய வீட்டில் 24,500, ஆனால் எதுவும் கலையாது. திடீரென்று விசா வந்தால் கிளம்ப என்ன ஆகும் என்பது அடுத்தது. பழைய வீட்டிலும் போர்ஷனிலும் அதிகபட்சம் ஒரு மாத வாடகை நஷ்டம். பாஸ்போர்ட்டைக் கேட்டு மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து அதை வி.எஃப்.எஸ். என்ற விசா விண்ணப்ப மையத்தில் கொடுத்து, திரும்பி வந்து, டிக்கெட் போட்டுக் கிளம்ப எப்படியும் சில வாரங்கள் கிடைக்கும். வீட்டை ஒழிக்க அந்த வாரங்கள் போதும். மூன்று மாதம் முன்னாலேயே ஒழிக்க வேண்டியதில்லை.

சாமான் விஷயத்திலும் இதேதான். கனடாவுக்குப் பெரும்பாலான விமானங்களில் ஒருவருக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. நான்கு பேருக்கு எட்டுப் பெட்டி. அதில் என்ன போகும் என்று இப்போதே காகிதத்தில் எழுதுங்கள், பெட்டியில் அடைக்காதீர்கள். பின்னால் கப்பலில் அனுப்பப்போகும் பொருள் இருந்தால் முதல் நாள் இறங்கும்போதே அந்தப் பட்டியலையும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் கொடுக்க வேண்டும், அதற்கென்று ஒரு படிவம் உண்டு. மிக்ஸியும் குக்கரும் கடைசி நாள் வரை அடுப்பங்கரையிலேயே இருக்கட்டும்.

எங்களுக்கு மார்கழி முடியும் நேரத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்டு மின்னஞ்சல் வந்தது. பொங்கல் அந்த மாடி போர்ஷனில், சோட்டு அடுப்பில்தான் பொங்கியது. பெரியம்மாவும் மேலே வந்து எங்களோடு சாப்பிட்டார். பிப்ரவரி முதல் வாரம் கிளம்பினோம். அன்று காலை அவர் அட்வான்ஸ் 28,000ஐ அப்படியே எண்ணிக் கொடுத்தார். மழை ஒழுகி நனைந்த புடவைக்காக மன்னிப்பும் கேட்டார். ஃப்ரிட்ஜையும் சின்ன சிலிண்டரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும் என்று.

சித்தி மகளுக்கு வீடு சரவணம்பட்டியில். குழந்தைக்கு மூன்று வயது, இன்னும் பள்ளி இல்லை. மாமியார் வீடு பொள்ளாச்சியில். ஆனால் அவள் கணவர் வாரம் மூன்று நாள் ஆபீஸ் போக வேண்டும். நான் சொன்னது இதுதான். பாஸ்போர்ட்டைக் கேட்டு மெயில் வரும்வரை வீட்டை விடாதே. ஹவுஸ் ஓனரிடம் போய் உண்மையைச் சொல்லி, அக்ரிமென்ட் முடிந்த பிறகு மாதாமாதம் நீட்டிக்க முடியுமா என்று கேள். அவர் முடியாது என்றால் குழந்தையோடு நீ பொள்ளாச்சிக்குப் போ, உன் கணவர் கோயம்புத்தூரில் ஒரு அறை எடுத்து வாரக் கடைசியில் வந்து போகட்டும். காஸைத் தொடாதே.

நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஓனர் ஒப்புக்கொண்டாராம், மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறார். அத்தைக்குத்தான் ஆடியை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தாள். காலி செய்யவே இல்லை என்றால் ஆடி எந்த வீட்டையும் தடுக்காது, அதே வீட்டில் கூழ் ஊற்றச் சொல் என்று பதில் போட்டேன்.